ஒட்டாத காந்தம்

பழைய கார் வாங்கப் போனால் கையில் ஒரு காந்தம் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் கஜபதி சட்டைப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க, விற்கிறவரின் கொட்டகைக்கு வந்தார்.

"நான் ரேஸ்ல ஓடின வம்சம், தெரியுமா?" என்றது கார். ரேஸ் கார் போலப் பின்னால் புதிதாக மாட்டிய இறக்கை பளபளத்தது.

"அந்த வம்சம் உடம்புல எங்க மிச்சம் இருக்கு, காட்டு. ஒட்டிப் பார்க்கிறேன்" என்றது காந்தம்.

கஜபதி அதைக் கதவில் வைத்தார். கீழே விழுந்தது. பானெட்டில் வைத்தார். அங்கேயும் வழுக்கி விழுந்தது.

"இரும்பு எங்கேடா?" என்றது காந்தம். "துரு தின்ன ஓட்டையெல்லாம் பட்டி வச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கான். நீ காரா, பூசின சுவரா?"

அதற்குள் விற்கிறவர் சாவியைத் திருகினார். சைலன்சரைக் கழற்றியிருந்ததால் கார் போட்ட உறுமலில் கொட்டகையே அதிர்ந்தது. கஜபதிக்கு உடம்பு சிலிர்த்தது.

"என்னா சவுண்டு!" என்றார். பிறகு காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டூப்ளிகேட் காந்தம். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அதை வாசலோரம் வீசிவிட்டு, பணத்தைக் கொடுத்துக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

கார் வாசலைத் தாண்டும்போது சக்கரத்திலிருந்து ஒரு நட் கழன்று உருண்டு வந்தது. காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"வா வா" என்றது காந்தம். "அந்த வண்டியில இரும்புன்னு இருந்தது நீ ஒருத்தன்தான். நீயும் இறங்கிட்டியா?"