தாழ்ப்பாள் போட்ட ஃபைல் ரூம்

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், அடிக்கடி பையோடு ஃபைல் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது மேலாளர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இன்று கேட்டேவிடுவது என்று கதவைத் தட்டினார்.

திறந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன. ஸ்டூலின் மேல் தாய்ப்பால் எடுக்கும் பம்ப்.

"அட, இதுக்கா ஒளிஞ்சே? பால் சரியா வரலையா?"

"மாசக்கணக்கா ஒண்ணுமே வரலை மேடம். இன்னிக்குத்தான் முதல் சொட்டு."

மேலாளரின் கோபம் போன இடம் தெரியவில்லை. "குழந்தை பையனா, பொண்ணா?"

"தெரியலை மேடம்."

"என்னது?"

"இன்னும் வீட்டுக்கு வரலை. தத்தெடுக்கப் பதிஞ்சிருக்கோம், எப்ப வேணா கூப்பிடுவாங்க. பெறாதவளுக்கும் சுரக்கலாம், மாத்திரை போட்டுக்கிட்டு விடாம பம்ப் வெச்சுப் பாருன்னு டாக்டர் சொன்னாங்க. வீட்ல யாரும் நம்பலை. அதான் இங்கேயும் வாயைத் திறக்கலை."

மேலாளர் திரும்பிப் போனார். போனவர், தன் சுழல் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து அந்த அறைக்குள் போட்டார்.

"ஸ்டூல்ல உக்காந்தா முதுகு போயிடும். இதுல சாஞ்சு உக்காரு. குழந்தை வந்ததும் முதல் போன் எனக்குத்தான், சரியா?"