சட்டம் கேட்கும் பெயர்

"சிவகௌரி ஆகிய நான்..." என்று சத்தியபாமா எடுத்துக் கொடுத்தார்.

மணமகள் ஒழுங்காகத்தான் திருப்பிச் சொன்னார்.

"வரதராஜா ஆகிய உங்களை..."

அங்கேதான் சிக்கியது. சிவகௌரி வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் "இவரை..." என்றார்.

மாப்பிள்ளை பக்கத்துக் கதிரைகளில் சிரிப்பு எழுந்தது. "எங்கட பொம்பிளையளைப் போய் மனிசன்ர பேரைச் சொல்லச் சொன்னால்!" என்று யாரோ ஒரு அங்கிள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

சத்தியபாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவர்" என்றால் யார்? உலகத்தில் பாதிப் பேர் "இவர்"தான். ஆள் யார் என்று சட்டத்துக்குத் தெரிய வேண்டாமா? மணமகள் வாயால் அந்தப் பெயர் வராவிட்டால் கல்யாணம் செல்லாது. கிளென் வேவர்லி வீட்டின் பின்வளவில் கூடியிருக்கும் இத்தனை பேரும் வடையைத் தின்றுவிட்டுக் காரில் ஏற வேண்டியதுதான்.

அதுவும் இது அவர் நடத்தி வைக்கும் முதல் கல்யாணம். தன் கல்யாணத்தில்கூட மனுஷி இப்படிப் பதறியதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில், சட்டப்படி கல்யாணம் நடத்தி வைக்கும் செலிபிரண்ட் ஆனவர் சத்தியபாமா. அதற்குத் தமிழில் என்ன என்று கேட்பவர்களிடம், "ஐயர் மாதிரித்தான், நெருப்பு மட்டும் இல்லை" என்று சொல்லிச் சமாளிப்பார்.

வவுனியாவில் கணக்கு டீச்சராக இருந்தவர். இந்த நாட்டுக்கு வந்து கிளேட்டனில் மருந்துக்கடையில் நின்றார், பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பிறகு நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர். எந்த வேலையையும் அழுதுகொண்டு செய்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி இவர் தமிழில் சொன்னவற்றில் முக்கால்வாசி கெட்ட செய்தி. மிச்சக் காலத்துக்காவது நல்ல செய்தி சொல்லுவோமே என்றுதான் இதற்கு வந்தார்.

வந்த இடத்தில் முதல் ஆளே இப்படி.

சிவகௌரியையும் குறை சொல்ல முடியாது. முதல் கணவரை முப்பது வருடம் "இஞ்சேருங்கோ" என்றே கூப்பிட்டவர். அவர் போய் ஆறு வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது அவருடைய பெயரைக் கேட்டால் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவாரே தவிர, வாயால் சொல்ல மாட்டார்.

வரதராஜா பொறுமையான மனிதர். அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர்தான். கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு, "ஆறுதலாச் சொல்லட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று சத்தியபாமாவின் மனம் அடித்துக்கொண்டது.

பழைய டீச்சர் அல்லவா? எழுத்தெழுத்தாகப் பிரித்து இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தார்.

சிவகௌரி வாயே திறக்கவில்லை.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ குசுகுசுத்தார்.

அப்போதுதான் சத்தியபாமா கவனித்தார். வெட்கப்படுகிற பெண் நிலத்தைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் மாப்பிள்ளையைப் பார்ப்பாள். சிவகௌரியின் கண் இரண்டு பக்கமும் போகவில்லை. அது சத்தியபாமாவின் முகத்திலேயே நின்றது. அதில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

சத்தியபாமா மைக்கை அணைத்துக் கதிரையில் வைத்தார். கிட்டப் போய்ச் சிவகௌரியின் கையைப் பிடித்தார்.

"மச்சாள், அண்ணா ஒண்டும் நினைக்க மாட்டார். நான் சொல்லுறன். நீங்க சொல்லுங்கோ."

இன்று முழுக்கச் செலிபிரண்டாக மட்டும்தான் நிற்பது, செத்துப்போன அண்ணாவின் தங்கச்சியாக நிற்பதில்லை என்று காலையில் சேலை கட்டும்போதே முடிவெடுத்து வந்தவர் அவர். அந்த முடிவு அவ்வளவுதான் தாங்கியது.

சிவகௌரி மூக்கை உறிஞ்சினார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, மைக் இல்லாமலே கடைசிக் கதிரை வரைக்கும் கேட்கும்படி, "வரதராஜா ஆகிய உங்களை" என்றார்.