டிரைவரின் கைப்பக்குவம்

"மறுபடியும் ஒன்றரை வருஷம் மாத்திரையா? என்னால முடியாது டாக்டர்!"

தையல்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். ஒழிந்தது சனியன் என்று நினைத்திருந்த நுரையீரல் கிருமி, மூன்று வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்திருந்தது.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் டாக்டர். "இப்பவே மாத்திரையை ஆரம்பிக்கலாம். இல்ல, மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம். ஆனா அதுக்குள்ள நுரையீரல் பழுதாச்சுன்னா, பழுதானது பழுதானதுதான். முடிவு உங்களோடது."

பக்கத்தில் அவள் கணவர், பஸ் டிரைவர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குகிற மனுஷன். இப்போது ஸ்கேன் உறையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இல்லாமல் ஒரு நாளைக்கூட அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இப்பவே ஆரம்பிச்சிடும்மா. போன தடவை மாதிரி சமையல் கிமையல் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"சமையலா?"

"பின்னே? டாக்டர், ஒன்றரை வருஷமும் என் கையாலதான் சாப்பிட்டா. ஒரு நாள் ஒரு குறை சொல்லணுமே! தட்டை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, 'பிரமாதம்'னு சொல்வா."

அந்தப் பெருமையை அவர் டிப்போவில் சொல்லாத ஆள் இல்லை. மாத்திரை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, அவர் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததே! குணமான சந்தோஷம். அன்றைக்கே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க கஷ்டப்பட்டது போதும்" என்றவள், அப்புறம் அவரை அடுப்பங்கரைப் பக்கமே அண்டவிடவில்லை. என்ன பாசம்!

அவள் அந்த உறையை அவர் கையிலிருந்து வாங்கி நேராகத் திருப்பினாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"சரி டாக்டர். இன்னைக்கே எழுதிக் குடுங்க."

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "போன தடவை ஒரு மாத்திரையால உங்களுக்குத் தொந்தரவுன்னு எழுதியிருக்கு. அதை மாத்திடட்டுமா?"

"ஐயையோ, மாத்திடாதீங்க!" என்று பதறினாள் அவள். "இவருதானே சமைக்கப் போறாரு? உப்பு, உறைப்பு எதுவுமே தெரியாம நாக்கு மரத்துப்போச்சே, எனக்கு அந்த மாத்திரைதான் வேணும்!"