ரப்பர் குமிழ்

வேகத்தைக் கூட்டும் நைட்ரஸ் வாயுவுக்கென்று கஸ்பாரின் காரில் தனியாக வைத்திருந்த பெட்ரோல் பம்பு பந்தயத்தன்றைக்குப் பார்த்துச் செத்துப்போனது. தம்பி சிலுவை தங்கள் படகிலிருந்து, கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றும் ரப்பர் குமிழைக் கழற்றிவந்து பொருத்தி, மடியில் பெட்ரோல் கேனோடு பின்சீட்டில் உட்கார்ந்தான். நைட்ரஸ் பாயும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். தோற்றால், பணயம் வைத்த அந்தப் படகே போய்விடும்.

உப்பளச் சாலையில் எதிராளியின் கார் முந்தியது.

“நைட்ரஸத் தொறக்கப் போறேன். விடாம அமுக்குல,” என்றான் அண்ணன் கஸ்பார்.

சிலுவை அமுக்கினான். உள்ளே பெட்ரோல் ஏறவில்லை. அமுங்கிய குமிழ் அமுங்கியபடியே கிடந்தது.

“அண்ணே, வேண்டாம்ணே.”

இரைச்சலில் அது கஸ்பாருக்குக் கேட்கவில்லை. அவன் கட்டைவிரல் நைட்ரஸ் பொத்தானுக்குப் போனது. சிலுவை குமிழைப் பிடுங்கி எறிந்தான். கேனிலிருந்து வாய் கொள்ளப் பெட்ரோலை உறிஞ்சி, எஞ்சினுக்குப் போகும் குழாயை வாயாலேயே ஊதி ஏற்ற உதட்டில் வைத்தான். இனி அவனால் கத்தவும் முடியாது.