தூரத்து மகன்

"இது ரொம்பப் பழசும்மா. புதுசு வாங்கிடுங்களேன்," என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"வேணாம்ப்பா, எனக்கு இதுதான் பழக்கம். இதுல கூப்பிட்டாத்தான் என் மகன் பேசுவான். நேத்துலேர்ந்து கூப்பிடவே முடியல."

முதலில் கம்ப்யூட்டரை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தார். நடுவில் கரன்ட் போனால் மெஷின் அவ்வளவுதான். போகவில்லை. பிறகு புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார்.

"தம்பி வெளிநாட்டுலயா?"

"தூரமா இருக்கான்."

"இப்பக் கூப்பிட்டுப் பாருங்க."

அவள் வீடியோ அழைப்பை அழுத்தினாள். கூடத்தை ஒட்டிய, உள்ளே தாழிட்டிருந்த அறைக்குள் போன் மணி அடித்தது. மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினார்.

திரையில் தாடி மண்டிய முகம் வந்தது. "சொல்லும்மா" என்ற குரல் கதவுக்குப் பின்னாலும் கேட்டது.

"சாப்பாடு கதவுகிட்ட வச்சிருக்கேன். நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக்கப்பா," என்றாள் அவள்.