பயன்படுத்தாத குரல்

சாய ஆலையின் புகை செங்கமலத்தின் தொண்டையைத் தின்று மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து கழுத்தில் ஒட்டிய கருவிதான் அவளுடைய பழைய குரலில் அவளுக்காகப் பேசியது. இன்று மதியம் ஆலை முதலாளியை அவள் நேருக்கு நேர் பார்க்கப்போகும் விசாரணை. அதற்காகவே கருவியைச் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தாள்.

"எடம் பத்தலீங்க அக்கா. ஒரு வருசமாத் தொடாத ஃபைலைத் தூக்கிட்டேன். உங்க கோபக் குரல்தான் பாதி எடத்தை அடைச்சிருந்துதுங்க" என்று மெக்கானிக் ரிஸ்வான் உற்சாகமாக விளக்கினான்.

"எவன்டா உன்னை அதுல கை வைக்கச் சொன்னது?" என்று, அவன் நீட்டிய கருவியைக் கழுத்தில் ஒட்டியதுமே செங்கமலம் கத்தினாள். ஆனால், குரல் மனு நீட்டுகிறவளைப்போல் கெஞ்சலாகத்தான் வந்தது.

விசாரணைவரை வாயை அடக்கச் சொல்லியிருந்தார் வக்கீல். அதனால் ஒரு வருடமாக அவள் யாரையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் இன்றைக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

"திரும்பப் போடு."

"தொண்டை ஆபரேசனுக்கு முந்தி நீங்க பேசிப் பதிஞ்சதுங்க. வேற காப்பி இல்லீங்க."

"அப்போ இந்தக் கெஞ்சுற குரலையும் அழி. வெறும் வார்த்தையாவது வரட்டும்."

"ஐயோ, அது சிஸ்டம் ஃபைலுங்க அக்கா. கம்பெனியே போட்டது. அதைத் தொட்டா மெசினே எந்திரிக்காது."

செங்கமலம் கருவியைக் கழுத்திலிருந்து பிடுங்கி மேசையில் ஓங்கி அடித்தாள். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள். பிறகு அதைக் கையிலேயே இறுகப் பிடித்தபடி விசாரணைக்குக் கிளம்பினாள். அங்கேயும் ஒரு மேசை இருக்கும்.