சாக்பீஸ் லாரி

ஹால் தரையில் சாக்பீஸால் ஒரு லாரி வரைந்திருந்தார்கள்.

அழகுக்கு வரைந்த படம் இல்லை, நிஜ அளவு. பதினாலடி நீளம், ஆறடி அகலம், எங்கள் சின்ன லாரியின் உள்தளம் அப்படியே. அதைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

வீடு மாற்றித் தரும் கம்பெனிக்காகச் சாமான்களைப் பார்த்து, எவ்வளவு இடம் பிடிக்கும், என்ன செலவாகும் என்று சொல்வது என் வேலை. பதினெட்டு வருஷமாகச் சொல்கிறேன். கண்ணாலேயே கன அடி சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"அண்ணிதான் வரைஞ்சாங்க" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

அண்ணி என்று அவள் சொன்னது கணவரின் அக்காவை. அவர் கையில் சாக்பீஸோடு சுவரோரம் நின்றிருந்தார். ஒரு மருந்துக் கிடங்கில் முப்பது வருஷம் சரக்கு அடுக்கும் பொறுப்பில் இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். நாத்தனார்கள் அளந்து பார்ப்பது வேறு விஷயங்களை என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அண்ணியின் தம்பிக்கு, அதாவது இந்தப் பெண்ணின் கணவருக்கு, வேறு ஊரில் வேலை. புதிய கம்பெனி ஒரு சின்ன லாரியின் செலவை மட்டும் தரும். பெரிய லாரி என்றால் மிச்சத்தை இவர்கள் போட வேண்டும். கையில் இருந்ததோ புது வீட்டு முன்பணத்துக்கே போய்விட்டது. மூன்று படுக்கையறை வீட்டைச் சின்ன லாரியில் ஏற்றச் சொன்னால் சிரித்துவிட்டுக் கிளம்புகிறவன் நான்.

இங்கே சிரிக்க முடியவில்லை.

லாரிக் கோட்டுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கட்டம் போட்டுப் பெயர் எழுதியிருந்தார் அண்ணி. ஓட்டுநர் பக்கத்துச் சுவரோடு பிரிட்ஜ், நிமிர்த்தி. வாஷிங் மெஷின் வயிற்றுக்குள் துண்டும் தலையணை உறையும். சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்து, அதன் நான்கு கால்களுக்கு நடுவே புத்தகப் பெட்டிகள். வெள்ளையில் எழுதியது கீழ்வரிசை, நீலத்தில் எழுதியது மேல்வரிசை. எது எப்போது ஏற வேண்டும் என்று எண்கூடப் போட்டிருந்தார். சமையல் பெட்டிக்குக் கடைசி எண். போனதும் அடுப்பு பற்ற வைக்க அதுதானே முதலில் இறங்க வேண்டும்.

வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடிந்தது. பின்கதவோரம், மூன்று பேர் உட்காரும் சோபா. அதன் மேல் எதையும் அடுக்க முடியாது. கூரைவரை வெறும் காற்றுதான் பயணம் செய்யும்.

"தெரியும்" என்றார் அண்ணி. "அவ ஆசைப்பட்டு வாங்கினது. அது வரட்டும்."

வீட்டுப் பெண் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதானாம். கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சின்ன லாரி என்று எழுதிக் கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு அறையைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் எல்லாக் கதவையும் திறந்து பார், பிறகு வாயைத் திற என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பதினெட்டு வருஷத்தில் அதை நான் மறந்தது அன்றைக்குத்தான். தரையில் இருந்த லாரி அப்படி மயக்கியிருந்தது.

ஒப்புக்கு ஒரு சுற்று வந்தேன். பார்த்ததெல்லாம் தரையில் இருந்தது. ஒரு முக்காலிகூட விட்டுப்போகவில்லை.

கடைசி அறையின் கதவைத் திறந்தேன்.

ஒற்றைக் கட்டில். ஒரு இரும்பு அலமாரி. ஜன்னலோரம் எழுதும் மேஜை, அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூடும் சாக்பீஸ் டப்பாவும்.

"இதெல்லாம் எந்தப் பக்கம் வருது?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"அது கணக்குல இல்ல. நான் இங்கயே ஒரு ஹாஸ்டல்ல இடம் பாத்துட்டேன்" என்றார் அண்ணி, ஏதோ பெட்டியின் எண்ணைச் சொல்வதுபோல.

வீட்டுப் பெண்ணுக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரியும் என்பதை முகமே சொன்னது. அவள் அழவில்லை. அண்ணியின் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு லாரிக்குள் நடந்தாள். பின்கதவோரம் போய், சோபாவைக் காலால் தேய்த்தாள். முழுக்க அழியும்வரை தேய்த்தாள்.

பிறகு மண்டியிட்டு, அந்த இடத்தில் நீளமாக ஒரு கட்டம் போட்டாள். அவசரத்தில் கோடு கோணல்மாணலாக வந்தது. உள்ளே 'அண்ணி கட்டில்' என்று எழுதினாள். பக்கத்தில் இடித்துப் பிடித்து அலமாரி, மேஜை.

நான் படிவத்தைப் படிப்பதுபோல நின்றேன். எனக்குக் கன அடி தெரியும் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. இந்த இரண்டு பேரைப் போல விட்டுக்கொடுக்க எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.

அண்ணி அந்தக் கோணல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குள் இருந்த கிடங்குக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"கட்டிலப் படுக்கப் போட்டா இடம் வீணாகும்மா" என்றார். "கழட்டி, ஓரமா நிக்க வை."